அன்னாசிக்கு எதற்கு ஆப்பிளின் சீனி?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பல தமிழ் வீடுகளில் ஓவனுக்கு ஆண்டில் ஒரு பருவம்தான் வேலை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் அன்னாசி டார்ட்டும் பிஸ்கட்டுமாக இரவு பகல் பாராமல் எரியும். பண்டிகை முடிந்ததும் வாணலியும் தட்டும் அடுக்கிவைக்கிற அலமாரியாகிவிடும். மற்ற நாள்களிலும் அதற்கு வேலை கொடுக்க நினைப்பவர்களுக்குப் பழக் கிரம்பிளைவிட எளிய வழி இல்லை. நறுக்கிய பழத்தைத் தட்டில் பரப்பி, மாவும் வெண்ணெயும் சீனியும் பிசிறியதை மேலே தூவி, 180 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரத்துக்குள் சுட்டு எடுத்தால் முடிந்தது. முட்டை அடிக்க வேண்டாம், மாவு தேய்க்க வேண்டாம், பொங்கி வருமா என்று கண்ணாடிக் கதவருகே காத்துக் கிடக்கவும் வேண்டாம். இத்தனை எளிதான பண்டத்திலும் நாம் விடாமல் செய்கிற தவறு ஒன்று உண்டு. பழத்தை மாற்றிவிடுகிறோம், சீனியை மாற்றுவதில்லை.

இங்கிலாந்துச் சமையல் குறிப்புகள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு, மாவு இரண்டு பங்கு, வெண்ணெய் ஒரு பங்கு, சீனி ஒரு பங்கு. 200 கிராம் மாவு என்றால் மேல்தூவலிலேயே 100 கிராம் சீனி. பழத்துக்கென்று தனியாக இன்னொரு 75 கிராம். இந்த இரண்டாவது சீனி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஊர்க்காரர்கள் இதற்கு எடுத்தது நாம் கடித்துத் தின்னும் சிவப்பு ஆப்பிள் அல்ல. பிராம்லி என்கிற சமையல் ஆப்பிள். 1809இல் நாட்டிங்ஹாம்ஷயரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஊன்றிய விதையிலிருந்து வந்த இரகம் அது. பச்சையாகக் கடித்தால் பல் கூசும். அவர்கள் இதே முறையில் சுடுகிற ருபார்ப் தண்டும் கூஸ்பெரியும் அதற்குச் சளைத்தவை அல்ல. அந்தப் புளிப்பை அடக்கத்தான் அத்தனை சீனி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழப் பை (pie) என்னும் பண்டத்தின் மேலோட்டுக்குப் போதிய மாவும் கொழுப்பும் கிடைக்காத போர்க்காலத்தில்தான் கிரம்பிள் அங்கே வீடு வீடாகப் பரவியது என்பார்கள். பிரிட்டனில் 1940 முதல் 1953 வரை சீனிக்கும் ரேஷன். ஆளுக்கு வாரத்துக்குக் கால் கிலோகூட வராது. பற்றாக்குறையில் வளர்ந்த பண்டம், பற்றாக்குறை தீர்ந்ததும் இனித்துப் பெருத்துவிட்டது. அந்தக் குறிப்பு பினாங்குக்கு வந்து சேர்ந்தது, புளித்த ஆப்பிள் வரவில்லை. நாமோ சௌராஸ்தா மார்க்கெட்டில் தேர்ந்தெடுத்து வாங்கிய, நன்றாகப் பழுத்த அன்னாசியை நறுக்கிப் போட்டு, அதன் தலையிலும் அதே 75 கிராமைக் கொட்டுகிறோம்.

சீனியைக் குறைத்தால் பண்டம் கெட்டுவிடும் என்பது முதலில் எழும் மறுப்பு. கேக்கைப் பற்றிச் சொன்னால் அது நியாயமான மறுப்புதான். வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைப்பது சீனி. ஈரத்தை விடாமல் காப்பதும், மாவு அவசரப்பட்டு இறுகிவிடாமல் தள்ளிப்போடுவதும் சீனி. பாதியாகக் குறைத்தால் கேக் கட்டியாகிவிடும். அன்னாசி டார்ட்டின் உள்ளே வைக்கும் ஜாமுக்கும் அது வேண்டியிருக்கிறது. வாரக் கணக்கில் டப்பாவில் கெடாமல் இருக்க வேண்டிய பண்டம் அது. அங்கே சீனி தண்ணீரைப் பிடித்துவைத்துப் பூஞ்சணத்தை அண்டவிடாமல் செய்கிறது. கிரம்பிளில் சீனிக்கு இந்த இரண்டு உத்தியோகமும் கிடையாது. எழும்ப வேண்டிய மாவு இல்லை, இருப்பில் வைக்கவும் போவதில்லை. மேல்தூவல் சற்று மொறுமொறுப்பாகவும் பொன்னிறமாகவும் வர அது உதவும், அவ்வளவுதான். அதற்கு 200 கிராம் மாவுக்கு 40 கிராம் தாராளம். பழத்தில் சீனி போடாமலிருப்பது இன்னும் நல்லது. சீனி பட்டால் பழம் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் கொதித்து மேலேறித் தூவலை நனைத்துச் சொதசொதவென்று ஆக்கும். நம்மூரில் அடிக்கடி கேட்கும் குறை இதுதான், இதற்குப் பெரும்பாலும் ஓவனைப் பழி சொல்வார்கள்.

அன்னாசியில் எப்படியும் நூற்றுக்குச் சுமார் 86 பங்கு தண்ணீர். அதனால் அதை நேரே ஓவனுக்குள் தள்ளக் கூடாது. ஒரு நடுத்தரப் பழத்தைத் தோல் சீவி, கண் எடுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, ஒரு சிட்டிகை உப்போடு வாணலியில் போட்டுச் சாறு சுண்டும்வரை கிளற வேண்டும். டார்ட் ஜாம் கிண்டிப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாக்கை அரிக்கிற நொதியும் அந்தச் சூட்டில் செயலற்றுவிடும். உப்பையும் பட்டையையும் அழகுக்குச் சேர்க்கவில்லை. இருக்கிற இனிப்பை நாக்குக்குக் கூட்டிக் காட்டுகிறவை அவை. மேல்தூவலுக்கு வெண்ணெய்க்குப் பதில் நெய்யும் ஆகும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது, நெய்யில் இல்லை. 100 கிராம் வெண்ணெய் கேட்கிற இடத்தில் 80 கிராம் நெய் போதும். பதம் எது என்று குறிப்புகள் பத்தி பத்தியாக விளக்குகின்றன. நமக்கு ஒரே சொல்லில் முடியும்: புட்டு மாவு. பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். மேசைமேல் வைக்கும் சிறிய ஓவனில் மேல்கம்பி கிட்டத்தில் இருப்பதால் தட்டைக் கீழ்த்தட்டில் வைப்பது நல்லது.

மற்ற பழங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அன்னாசி பறித்த பிறகு இனிப்பேறாது, அதனால் வாங்கும்போதே காம்புப் பக்கம் மணக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாம்பழமும் வாழையும் வீட்டிலேயே கனியும். வாழைப்பழத்தில் மாவுச்சத்துதான் சீனியாக மாறுகிறது. தோலில் கரும்புள்ளி விழுந்து வீட்டில் யாரும் தொடாத பீசாங் மாஸ்தான் கிரம்பிளுக்கு ஏற்றது. அதன்மேல் ஒரு கரண்டி சீனியைத் தூவுவது ஏற்கெனவே சீனி போட்ட பானத்தில் மறுபடி சீனி போடுவதுபோல.

இந்தச் சீனிக் கணக்கு இவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். 2019இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டு விகிதம் 15.6க்கு இறங்கியது நல்ல செய்தி. ஆனால் நம் சமூகத்துக்கு நிம்மதிப் பெருமூச்சு விடும் நேரம் இன்னும் வரவில்லை. 2019 ஜூலை முதல், 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள போத்தல் பானத்துக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதிக்கத் தொடங்கினார்கள். அந்த வரி சமையலறை சீனி டப்பாவை எட்டாது. கட்டுப்பாட்டு விலையில் கிலோ 2 வெள்ளி 85 காசுக்குக் கிடைத்துவந்த பொருள். விலையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்பவர் இல்லை. 2015இல் வந்த உலகளாவிய சுகாதார நெறிமுறை, நாளுக்கு 2,000 கலோரி உண்பவர் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. பழைய குறிப்பின்படி செய்த கிரம்பிளை ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 29 கிராம். தே தாரேக் இன்னும் கணக்கில் வரவில்லை. பழத்துக்குச் சீனியில்லாமல், தூவலுக்கு 40 கிராம் மட்டும் போட்டால் ஆளுக்கு 7 கிராம்கூட இல்லை.

பழத்தில் இருப்பதும் சீனிதானே, மாவும் உடம்பில் சீனியாகத்தானே மாறுகிறது என்பது வலுவான மறுப்பு. இனிப்புநீர் உள்ளவர் இதையும் சிறு கிண்ணத்தோடு நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அந்த நெறிமுறை முழுப் பழத்தின் சீனியைத் தன் வரம்புக்குள் சேர்க்கவில்லை; நார்ச்சத்தோடு வருவதற்கும் பையிலிருந்து கொட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. இதைவிடச் சங்கடம் தருவது குலா மலாக்கா வாதம். வெள்ளைச் சீனிக்குப் பதில் குலா மலாக்கா, கருப்பட்டி, வெல்லம் என்று மாற்றிவிட்டு மனநிம்மதியோடு இரட்டிப்பாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மணம் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ். ஆண்டுக்கு ஒரு நாள் இனித்துவிட்டுப் போகட்டுமே என்பவர்களும் உண்டு. பண்டிகைப் பலகாரத்துக்கு அது பொருந்தும், ஞாயிறுதோறும் சுடும் தட்டுக்குப் பொருந்தாது. கடையில் வாங்குவது மலிவு என்ற கணக்கும் தேறாது. 1,500 வாட் ஓவன் நாற்பது நிமிடம் ஓடினால் ஒரு யூனிட் மின்சாரம், ஒரு வெள்ளிக்கும் உள்ளே. இத்தனையும் கணக்குப் பார்த்துவிட்டு, பரிமாறும்போது மேலே இரண்டு கரண்டி ஐஸ்கிரீம் வைத்தால் எல்லாம் வீண். கெட்டித் தயிர் போதும். அன்னாசியின் புளிப்போடு அது ஒத்தும் போகும். பினாங்கின் ஈரக்காற்றில் தூவலின் மொறுமொறுப்பு மாலைவரைகூடத் தாங்காது என்பதால், சின்னத் தட்டில் செய்து அன்றே தீர்த்துவிடுவது நாக்குக்கும் நல்லது.

பழைய குறிப்பின் சீனியைக் கேட்க நியாயமான உரிமை உள்ள பழம் இத்தீவில் ஒன்று உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன் மொலுக்கா தீவுகளிலிருந்து பிரிட்டிஷார் கொண்டுவந்து நட்ட ஜாதிக்காய். 1860களில் நோய் தாக்கித் தோட்டங்கள் அழிந்தாலும் பாலிக் புலாவ் பக்கம் மரங்கள் இன்றும் காய்க்கின்றன. பெரும்பாலான ஊர்களில் விதையையும் பத்திரியையும் எடுத்துக்கொண்டு சதையைத் தூக்கி எறிவார்கள். பினாங்கில் சதைக்கே கிராக்கி. சீனியில் ஊறிய துண்டுகளாகத்தான் அது நமக்குப் பழக்கம். பச்சையாகக் கடித்தால் புளிப்பும் துவர்ப்பும் காரமும் சேர்ந்து பிராம்லியையே சாதுவாக்கிவிடும். அந்தச் சதையைத் துருவி, வாணலியில் சுண்டும் அன்னாசியில் நான்கில் ஒரு பங்கு கலந்து பார்க்கலாம். பக்கத்தில் அன்னாசி இருக்கும்போது அதற்கும் சீனி டப்பாவைத் திறக்க வேண்டியிருக்காது.