365 படி... 360 டிகிரி... ஒரே ஒரு பல்!

மெக்கானிக்கல் மக்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. தெர்மல் லேப்ல முதல் எக்ஸ்பரிமென்ட் ஞாபகம் இருக்கா? குறுக்கே வெட்டி வெச்ச இன்ஜின், ஃப்ளைவீல் மேல சாக்பீஸ் கோடு, சுத்தளவை அளக்க ஒரு கயிறு. வால்வு எங்கே திறக்குது, எங்கே மூடுதுன்னு டிகிரியில குறிச்சு, காம்பஸை வெச்சு ஜிலேபி மாதிரி ஒரு படம் வரைஞ்சோமே... 'வால்வ் டைமிங் டயகிராம்'. ரெக்கார்டுல சைன் வாங்கியாச்சு, மார்க்கும் வாங்கியாச்சு. புரிஞ்சுதா?

எனக்குப் புரியலை பாஸ். வைவாவுல கேள்வி வந்தப்போ, வரைஞ்ச படத்தையே திருப்பிக் காட்டித் தப்பிச்ச கோஷ்டி நான். அந்த ஜிலேபி எனக்குப் புரிஞ்ச இடம், காலேஜ் லேப் இல்லை. திருத்தணியில இருந்து சோளிங்கர் போற ரோட்டுல கே.ஜி.கண்டிகைன்னு ஒரு ஊர். அங்கே வேப்ப மரத்தடியில ஒரு தகர ஷெட். ஆந்திர பார்டர் பக்கம்ங்கறதால பாதி வேலை தமிழ்ல நடக்கும், மீதி வேலை தெலுங்குல. ஸ்பானர் மட்டும் ரெண்டுக்கும் பொது!

கதையின் ஹீரோ, எங்க தாத்தாவோட ஹீரோ ஹோண்டா சி.டி.100. 1989-ல வாங்கினது. நெய்த துணியை மூட்டையா கட்டி நகரிக்கும் திருத்தணிக்கும் இதுலதான் கொண்டுபோனார். எங்க அப்பா காலேஜ் போனது இதுல, நான் முதன்முதலா ரோட்டுல விழுந்து முட்டி பேந்ததும் இதுலதான். அஞ்சு வருஷமா மாட்டுக்கொட்டாய் ஓரமா நின்னு, பிஸ்டன் போர்ல இறுகி, கிக்கரை மிதிச்சா கல்லை மிதிக்கிற மாதிரி இருந்துச்சு. "எடைக்குப் போட்டுடலாம்"னு அப்பா முடிவு பண்ணிட்டார். தாத்தா ஒண்ணும் சொல்லலை. ஆனா, அன்னிக்கு ராத்திரி அவர் சாப்பிடலை.

செமஸ்டர் லீவுல பதினைந்து நாள் டயம் கேட்டேன். "ஓடினா உன் வண்டி. ஓடலைன்னா பழைய இரும்புக்காரனுக்கு போன் பண்றது நீதான்"னார் அப்பா. டீல்!

ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் மக்கள் பக்கத்தைத் திருப்பிடாதீங்க, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். எண்பதுகள்ல நம்ம நாட்டுல 100 சி.சி. அலை ஒண்ணு அடிச்சுது. ஓசூர்ல இருந்து வந்த இந்த்-சுசூகி, யமஹா ஆர்.எக்ஸ்.100, கவாசாகி பஜாஜ் கே.பி.100... இந்த மூணுமே டூ ஸ்ட்ரோக். அதுல கேமும் கிடையாது, கேம் திறந்து மூடுற வால்வும் கிடையாது. சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஓட்டைகளைப் பிஸ்டனே திறந்து மூடிக்கும். 1985-ல வந்த சி.டி.100 மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக். 97.2 சி.சி., 'ஃபில் இட், ஷட் இட், ஃபர்கெட் இட்'னு விளம்பரம். பெட்ரோல் போட்டுட்டு மறந்துடலாமாம். உண்மையிலேயே எல்லோரும் மறந்துட்டாங்க, உள்ளே ஒரு சின்ன சங்கிலி ஓடிக்கிட்டு இருக்கிறதை!

அந்தச் சங்கிலிதான் கேம் செயின். ஷெட்டுல 'டைமிங் செயின்'னு சொன்னாத்தான் தெரியும். இன்ஜினோட அடியில கிராங்க், தலையில கேம். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரே ஒரு சுத்து சுத்தணும். ஏன்னா உறிஞ்சுறது, அமுக்குறது, வெடிக்கிறது, புகையைத் துப்புறதுன்னு நாலு வேலை முடிய பிஸ்டனுக்கு ரெண்டு சுத்து வேணும். ஒவ்வொரு வால்வும் அதுல ஒரே ஒரு தடவைதான் திறக்கணும். அதனால கேம்ல இருக்கிற பல்சக்கரத்துக்கு கிராங்க்ல இருக்கிறதைவிட சரியா ரெண்டு மடங்கு பல். இன்ஜின் நிமிஷத்துக்கு 8,000 சுத்து சுத்தும்போது ஒரு வால்வு 4,000 தடவை திறந்து மூடும். செகண்டுக்கு 66 தடவைக்கும் மேல! இவ்வளவையும் இழுத்துப் பிடிச்சு ஓட்டுறது, விரல் அகலம்கூட இல்லாத அந்தச் சங்கிலி.

பிரிக்கிறது ஈஸி. எந்த மடையனும் பிரிப்பான், நானும் பிரிச்சேன். லேத்துல போரைக் கடைஞ்சு பெரிசாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், வால்வு கிரைண்டிங்னு எட்டு நாள் ஓடிப் போச்சு. ஒன்பதாவது நாள் மெக்கானிக் அண்ணன் வெத்தலையைத் துப்பிட்டு, "தம்பி, டைமிங் நீ வை. இன்ஜினீரிங் படிக்கிறே இல்ல?"ன்னார். அவர் சிரிச்ச சிரிப்புலயே எனக்கு டவுட் வந்திருக்கணும்.

இதுதான் பாஸ் வேலை. வண்டியோட இடது பக்க மூடியைக் கழட்டினா மேக்னட் தெரியும், அதாவது ஃப்ளைவீல். அதோட விளிம்புல ரெண்டு எழுத்து வெட்டியிருப்பாங்க... 'டி', 'எஃப்'. 'டி'ன்னா டாப் டெட் சென்டர், பிஸ்டன் உச்சியில நிக்கிற இடம். 'எஃப்'ங்கறது ஸ்பார்க் விழற இடம். 'டி' கோடு கிராங்க்கேஸ்ல இருக்கிற குறிக்கு நேரா நிக்கணும். 'எஃப்'பை 'டி'ன்னு நினைச்சு வைக்கிறவங்க நிறைய. அழுக்கைத் துடைக்காம பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மேலே ஹெட்டுல, கேம் சக்கரத்துல சின்ன வட்டம் ஒண்ணு இருக்கும். அது ஹெட்டுல வெட்டியிருக்கிற குறிக்கு நேரா வரணும். கீழே 'டி', மேலே வட்டம், ரெண்டும் ஒரே நேரத்துல நேரா நிக்கும்போது செயினைச் சக்கரத்துல மாட்டி போல்ட் போட்டுட்டா டைமிங் வெச்சாச்சு.

இங்கே நான் என் புத்தக அறிவைக் காட்டினேன். "அண்ணா, டி.டி.சி. ரெண்டு தடவை வருமே... இது காம்ப்ரெஷன் டி.டி.சி.யா, எக்ஸாஸ்ட் டி.டி.சி.யா?" அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செயினே மாட்டலை. இது எந்த ஸ்ட்ரோக்குன்னு கிராங்குக்கு எப்படித் தெரியும்?"

ஆஹா! அந்த ஒரு வரியில ஜிலேபி பாதி புரிஞ்சுடுச்சு. பிஸ்டன் மேலே வருது, கீழே போகுது, அவ்வளவுதான். இது அமுக்குறதுக்கா, துப்புறதுக்கான்னு சொல்றது கேம்தான். வட்டத்தைக் குறிக்கு நேரா வெச்சு மாட்டின அந்த நொடியில, அது காம்ப்ரெஷன் ஆயிடுது. இந்த மாதிரி மேக்னட் வண்டியில ஸ்பார்க் ஒவ்வொரு சுத்துக்கும் விழும், ஒண்ணு விட்டு ஒண்ணு வீண். அதனால பிரச்னையே இல்லை. பழைய புல்லட்ல கதை வேற. அதுல பாயின்ட் பாதி வேகத்துலதான் சுத்தும். அங்கே எந்த டி.டி.சி.ன்னு பார்க்காம வெச்சா, புகை வெளியே போற நேரத்துல ஸ்பார்க் விழும்.

செயின் போற சந்துல துணியை அடைக்கச் சொன்னார் அண்ணன். எதுக்குன்னு கேட்காமலே அடைச்சேன். ரெண்டாவது நிமிஷம் என் கையில இருந்து போல்ட் நழுவி அந்தத் துணி மேல 'பொத்'துனு விழுந்துச்சு. துணி இல்லைன்னா நேரா கிராங்க்கேஸுக்குள்ளே! சின்ன போல்ட்டுக்காக மறுபடி எல்லாத்தையும் பிரிச்சிருக்கணும். ஒரு வழியா மாட்டி முடிச்சேன். கீழே 'டி', மேலே வட்டம், ரெண்டும் நேரா. செல்போன்ல போட்டோகூட எடுத்தேன். நேரா போய் கிக்கர் மேல காலை வெச்சேன் பாருங்க...

"மெல்லகா, மெல்லகா!"ன்னு தெலுங்குல ஒரு கத்தல். "கையால சுத்திப் பாத்தியா?"

பார்க்கலை. மேக்னட் நட்டுல ஸ்பானரைப் போட்டு, இடது பக்கத்துல நின்னு பார்த்தா கடிகாரத்துக்கு எதிர்த் திசையில, மெதுவா ரெண்டு முழுச் சுத்து. மறுபடி 'டி' குறிக்கு வந்துச்சு. மேலே எட்டிப் பார்த்தா வட்டம் வந்து சேரவே இல்லை! சரியா ஒரு பல் பின்னாடி நிக்குது.

என்ன நடந்துச்சுன்னா, நான் மாட்டும்போது செயினோட தொய்வு இழுக்கிற பக்கத்துல இருந்திருக்கு. டென்ஷனர் ஸ்பிரிங் இன்னும் போடலை. பார்வைக்கு எல்லாம் நேரா இருந்துச்சு. கிராங்க் சுத்த ஆரம்பிச்சதும் முதல்ல அந்தத் தொய்வைச் சுருட்டிட்டு அப்புறம்தான் கேமை இழுத்துச்சு. அதுக்குள்ளே கேம் லேட். இழுக்கிற பக்கம் விறைப்பா இருக்கணும், தொய்வு மொத்தமும் டென்ஷனர் பக்கம் போகணும். மேனுவல்ல படம் போட்டிருந்தாலும் இது கைக்குத் தெரியற மாதிரி கண்ணுக்குத் தெரியாது.

ஒரு பல்லுதானேன்னு நினைக்கிறீங்களா? நானும் கேட்டேன். கணக்கு போடுவோம் வாங்க. கேம் சக்கரத்துல 28 பல், கிராங்க்ல 14 பல்னு உதாரணத்துக்கு வெச்சுக்குங்க. 360-ஐ 28-ஆல வகுத்தா, ஒரு பல்லுக்குக் கிட்டத்தட்ட 12.9 டிகிரி. அது கேம் கணக்கு. கிராங்க் கணக்குல ரெண்டு மடங்கு, கிட்டத்தட்ட 26 டிகிரி! நம்ம லேப்ல ரெண்டு டிகிரி தப்பா வந்ததுக்கே ரெக்கார்டை மூஞ்சியில வீசினாங்களே! இருபத்தாறு டிகிரி லேட்டா மூடினா, பிஸ்டன் அமுக்க ஆரம்பிச்ச அப்புறமும் இன்லெட் வால்வு வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும். உறிஞ்சின காத்துல ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போயிடும். கிக் பஞ்சு மாதிரி இறங்கும், ஸ்டார்ட் ஆகாது. ஆனாலும் மேட்டுல ஏறாது. திருத்தணி மலைக்கு 365 படின்னு ஊருக்கே தெரியும், நம்ம வண்டி மலை ரோட்டுல முதல் வளைவுலயே மூச்சு வாங்கும். இதைவிட மோசம், பல இன்ஜின்கள்ல டைமிங் ரொம்பத் தப்பினா வால்வும் பிஸ்டனும் ஒரே நேரத்துல ஒரே இடத்துக்கு வந்து மோதும். கையால சுத்தும்போது 'டக்'குனு தட்டி நிக்கும், நிறுத்திடலாம். காலால மிதிச்சா வால்வு வளைஞ்ச பிறகுதான் தெரியும். தாத்தா வண்டி அன்னிக்கு என் ஒரு மிதியில எடைக்குப் போயிருக்கலாம்!

மறுபடி கழட்டினேன். இழுக்கிற பக்கத்தை விரலால இறுக்கிப் பிடிச்சு ஒரு பல் மாத்தி மாட்டினேன். டென்ஷனர் போட்டு ரெண்டு சுத்து. இந்தத் தடவை 'டி'யும் நேரா, வட்டமும் நேரா. ரெண்டு டேப்பெட்டையும் ஆட்டிப் பார்த்தேன், லேசா ஆடுச்சு. ரெண்டு வால்வும் மூடியிருக்குன்னு அர்த்தம். அண்ணன் ஒண்ணுமே சொல்லாம இன்னும் ரெண்டு சுத்து சுத்தினார். அவருக்கு என் மேல நம்பிக்கை இல்லை. நியாயம்தானே!

பழைய வண்டியை நோண்டுற ஆசை இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. செயின் பழசா இருந்தா எந்தப் பல்லுல வெச்சாலும் குறி சரியா சேராது, அரைப் பல் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ நிக்கும். செயினோட பின்னும் ஓட்டையும் தேய்ஞ்சு தேய்ஞ்சு மொத்த நீளம் கூடிடும், கேம் பின்தங்கும். ஹெட்டை லேத்துல சீவி எடுத்திருந்தாலும் இதே கதை, கேமுக்கும் கிராங்குக்கும் நடுவுல தூரம் குறையுமே. அண்ணன் புது செயின் வாங்கச் சொன்னப்போ, காசைச் சேமிக்கலாம்னு பழசையே கழுவிப் போடப் பார்த்தேன். ரெண்டையும் பக்கத்துல தொங்கவிட்டுக் காட்டினார். பழசு நீளம் கூடுதலா இருந்தது கண்ணுக்கே தெரிஞ்சுது. வாயை மூடிக்கிட்டு வாங்கிட்டேன். டென்ஷனர் ஸ்பிரிங்கும் அதோட.

புல்லட் பார்ட்டிகள் காலரைத் தூக்கிக்கிட்டுச் சிரிக்கிறது தெரியுது. "எங்க வண்டியில செயினே இல்லையே!" ஒப்புக்கிறேன். 1955-ல திருவொற்றியூர்ல ஆரம்பிச்ச அந்தப் பரம்பரையில, அடியில பல்லோட பல் கடிக்கிற கியர், அதுக்கு மேல புஷ்ராடு. கியர்ல இருக்கிற புள்ளிகளைச் சேர்த்து வெச்சா போதும், தொய்வுங்கற பேச்சுக்கே இடமில்லை. ஆனா, 2018-ல வந்த 650 ட்வின்லயும், 2020-ல மீட்டியரோட வந்த புது 350 இன்ஜின்லயும் கேம் தலைக்கு ஏறிடுச்சு, நடுவுல செயினும் வந்துடுச்சு. ஹோண்டா 1969-லயே சி.பி.750-ல நாலு சிலிண்டருக்கு நட்டநடுவுல இதே மாதிரி செயினை ஓட்டிக் காட்டின கம்பெனி. எங்க தாத்தா வண்டியும் அந்த வம்சம்தான் மக்கா!

விண்டேஜ்னு பெருமை அடிச்சுக்கலாம்னு பார்த்தா அதுக்கும் ஆப்பு. மத்திய அரசு 2021-ல கொண்டுவந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிதான் விண்டேஜ். நம்பர் பிளேட்டுல 'வி.ஏ.'ன்னு தனி சீரீஸே உண்டு. 1989 மாடலுக்கு அது கிடைக்க 2039 வரைக்கும் வெயிட் பண்ணணும். அதுவரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி.யைப் புதுப்பிச்சுக்கிட்டே கிடக்க வேண்டியதுதான்.

பதினாலாவது நாள் சாயங்காலம். தாத்தா வந்து வேப்ப மரத்தடி பெஞ்சுல உட்கார்ந்துட்டார். அப்பாவும் வந்தார், கையில செல்போன், ரொம்ப அலட்சியமா! புது ஆயில் ஊத்தி, ஸ்பார்க் பிளக் போடாம பத்துப் பன்னிரண்டு தடவை கிக்கரை இறக்கி ஆயிலை மேலே ஏத்தினோம். பிளக்கை மாட்டினேன். முதல் கிக்... ம்ஹூம். ரெண்டாவது... ஒரு செருமல். ஆனா, காலுக்குக் கீழே அந்த எதிர்ப்பு நல்லா தெரிஞ்சுது, காம்ப்ரெஷன் கெட்டியா இருந்துச்சு. மூணாவது கிக்குல பிடிச்சுக்கிச்சு. கொஞ்சம் புகை, அப்புறம் சீரான அந்தப் பழைய 'டுப்டுப்டுப்'.

அப்பா செல்போனைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தார். நான் தாத்தாவைப் பார்த்தேன். கண் கலங்குவார், கட்டிப் பிடிப்பார்னு ஒரு சினிமா எனக்குள்ளே ஓடிக்கிட்டு இருந்துச்சு. தாத்தா பெஞ்சை விட்டு எழுந்து வந்து, குனிஞ்சு, ஹெட் பக்கத்துல காதை வெச்சார்.

"இன்னாடா இது... டேப்பெட் சத்தம் ஜாஸ்தியா கீதே?"

அண்ணன் சிரிச்சுக்கிட்டே ஃபீலர் கேஜை எடுத்து என் கையில வெச்சார்.