காசிமேட்டு மீனுக்கு ஜெனீவாவில் சட்டம்!

சென்னை ராயபுரத்தை அடுத்த காசிமேட்டில், ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியும் முன்பே கூட்டம் கூடிவிடும். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, இறால் என்று வகை வகையாக மீன் வந்து இறங்கும். ஒரு பக்கம் ஏலம்; ஒரு பக்கம் பேரம்!

அந்த மீனைப் பிடிக்கப் போகிறவர்களுக்கு அரசாங்கம் பண உதவி செய்யலாமா? இந்தக் கேள்வியை சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள்!

பேசுவது யார்?

உலக வர்த்தக நிறுவனம். நாட்டுக்கு நாடு சரக்கு வாங்க, விற்க, பொதுவான விதிகள் வேண்டும் அல்லவா? அதற்காக 1947-ல் 23 நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதில் இந்தியாவும் ஒன்று. அந்த ஒப்பந்தத்தின் வாரிசாக 1995 ஜனவரி 1-ந் தேதி பிறந்ததுதான் இந்த நிறுவனம். இதில் 166 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் புது விதி வரும்.

மீனில் என்ன தகராறு?

உலகக் கடல்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான மீன் கூட்டங்கள், அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகின்றன. பெருகுவதற்குள் பிடித்துவிட்டால் மிச்சம் எங்கே இருக்கும்?

சில நாடுகளின் பெரிய கப்பல்கள், ஆயிரக்கணக்கான மைல் கடந்துபோய் மீன் பிடிக்கின்றன. எண்ணெய்ச் செலவில் ஒரு பங்கை அந்த நாட்டு அரசாங்கம் கொடுக்கிறது. இதற்குப் பெயர் மானியம்.

காசிமேட்டிலும் உதவி உண்டு. படகுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் கிடைக்கிறது. மீன்கள் முட்டையிடும் காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் அடுப்பு எரிய வேண்டுமே! அதற்காக மீனவர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு நிவாரணத் தொகை கொடுக்கிறது.

அதுவும் மானியம், இதுவும் மானியம். இரண்டும் ஒன்றா?

2022 ஜூன் மாதம் ஜெனீவா மாநாட்டில் இந்திய வர்த்தக மந்திரி பியூஷ் கோயல் இதைத்தான் கேட்டார். இந்தியாவில் ஒரு மீனவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15 டாலர்தான் உதவி கிடைக்கிறது என்றார். 75 ஆயிரம் டாலர் வரை கொடுக்கும் நாடும் உண்டு என்று எடுத்துக்காட்டினார்.

பாதிக் கிணறு

2001-ல் தொடங்கிய பேச்சு, 2022 ஜூன் 17-ந் தேதி ஒப்பந்தம் ஆயிற்று. 2025 செப்டம்பர் 15-ந் தேதி அமலுக்கு வந்தது. திருட்டுத்தனமாக மீன் பிடிப்பவர்களுக்கு இனி மானியம் கூடாது. குறைந்துபோன மீனைப் பிடிக்க மானியம் கூடாது. ஆனால், அந்த மீனை மறுபடி பெருக வைக்கும் உதவிக்குத் தடை இல்லை.

இது முதல் பாகம்தான். டீசல், எஞ்சின், புதுப் படகு ஆகியவற்றுக்குக் கொடுக்கும் மானியம்தான் இரண்டாம் பாகம். காசிமேட்டை நேராகத் தொடுவது இதுவே!

தூரக் கடலில் மீன் பிடிக்கும் நாடுகள் 25 ஆண்டுகளுக்கு மானியத்தை நிறுத்த வேண்டும். வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்று இந்தியா கேட்டது. "அவ்வளவு காலமா?" என்று மற்ற நாடுகள் தயங்கின. 2024-ல் அபுதாபியில் மந்திரிகள் கூடியும் முடிவு ஏற்படவில்லை.

இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. சிறு மீனவருக்கு உதவி இல்லாவிட்டால் படகு கரையில் கிடக்கும். ஆனால், மீனுக்கு எந்த நாட்டுக் கொடியும் தெரியாது. யார் அளவுக்கு மீறிப் பிடித்தாலும் கடல் வறண்டுபோகும்.

இந்தப் பேச்சுக்குக் கெடு உண்டு. அமலுக்கு வந்த நான்கு ஆண்டுக்குள், அதாவது 2029 செப்டம்பருக்குள், முழு விதிகள் ஏற்பட வேண்டும். ஏற்படாவிட்டால், உறுப்பினர்கள் வேறுவிதமாக முடிவு செய்தால் ஒழிய, முதல் பாகமும் செல்லாது!

கடல் தாண்டும் கப்பலையும், கரையோரப் படகையும் ஒரே தராசில் நிறுக்காத விதி வேண்டும். அப்படி ஒன்று வந்தால் மீனும் பிழைக்கும்; மீனவரும் பிழைப்பார்.