பிள்ளையோடு வளரும் செயற்கை எலும்பு



வளரும் பிள்ளைகளின் முழங்காலை ஒட்டித் தோன்றும் எலும்புப் புற்றுநோய், ஒரு காலத்தில் பெரும்பாலும் காலையே பலிகொண்டது. இன்று நோயுற்ற எலும்பை மட்டும் அகற்றி, அவ்விடத்தில் உலோக எலும்பைப் பொருத்திக் காலைக் காக்க இயலுகிறது. ஆயினும் சிக்கல் முற்றும் தீரவில்லை. எலும்பு நீள்வது அதன் முனையருகே அமைந்த வளர்ச்சித் தட்டினால். தொடையெலும்பு வளர்ச்சியில் ஏறத்தாழ 70 விழுக்காடு முழங்காலை அடுத்த தட்டிலேயே நிகழ்கிறது. அறுவையில் அத்தட்டும் நீங்கிவிடுவதால், மற்றக் கால் வளர வளர இக்கால் பின்தங்குகிறது.

ஆகவே செயற்கை எலும்பும் நீள வேண்டும். முந்தைய கருவிகளை நீட்ட, ஒவ்வொரு முறையும் தோலைக் கீறித் திருகைத் திருப்ப வேண்டியிருந்தது. கத்தி படுந்தோறும் வலியும் கிருமித்தொற்று அச்சமும் உடன்வந்தன. இலண்டனின் ஸ்டான்மோர்ப் பகுதியில் உருவாகி, 2002 முதல் பிள்ளைகளுக்குப் பொருத்தப்பட்டு வரும் கருவி இத்துயரைத் தவிர்த்தது.

அதனுள் ஒரு காந்தமும் பற்சக்கரத் தொகுதியும் திருகுதண்டும் அடங்கியுள்ளன. பிள்ளை தன் காலை வளைய வடிவக் கம்பிச்சுருளினுள் வைத்ததும் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. அதனால் எழும் சுழல் காந்தப்புலம் தோலையும் தசையையும் ஊடுருவ, உள்ளிருக்கும் காந்தமும் உடன்சுழல்கிறது. காந்தம் 13,061 முறை சுழன்றால்தான் திருகு ஒருமுறை சுழலும். வேகம் குறைய, விசை பெருகுகிறது. இறுகிய தசைகளை எதிர்த்துக் காலை நீட்டச் சிறு காந்தமே போதுமானதாகிறது. காந்தம் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழன்றாலும் கால் நீள்வது 0.23 மில்லிமீட்டரே. 4 மில்லிமீட்டர் நீட்ட ஏறத்தாழ 17 நிமிடங்கள் ஆகும். மயக்க மருந்து வேண்டுவதில்லை. பிள்ளை அன்றே வீடு திரும்பலாம். அளவு மிகுந்து நரம்பு வலித்தால், புலத்தின் திசையை மாற்றிச் சற்றே குறுக்கவும் இயலும்.

இக்கருவி குறையற்றதன்று. முதல் அறுவையைத் தவிர்க்க இயலாது. தொற்றும் தேய்மானமும் நேரலாம். வளர்ச்சி முடிந்தபின் சிலருக்கு வேறு கருவி பொருத்த நேரிடும். எனினும் வளரும் பருவத்தில் அறுவைக்கூடம் செல்லும் முறைகள் குறைவது சிறிய நன்மையன்று.

பற்சக்கரம் கற்பிக்கும் ஆசிரியர்கள், 3,000ஐ 13,061ஆல் வகுக்குமாறு மாணவர்களைக் கேட்கலாம். விடையை மேற்சொன்ன 0.23 மில்லிமீட்டருடன் ஒப்பிட்டால், திருகின் ஒரு சுற்று காலை எவ்வளவு நீட்டுகிறது என்பதை அவர்களே கண்டறிவர்.