நீண்டு வளைந்த நாற்றை நிமிர்த்தலாம்

தக்காளி விதை போட்டு இரண்டு வாரம் ஆகிவிட்டது. விதைகள் நன்றாகவே முளைத்தன. ஆனால் நாற்றுகள் நூல் போல மெலிந்து, விரல் நீளத்துக்கு உயர்ந்து, எல்லாம் சன்னல் பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. இரண்டு சின்ன இலைகளின் பாரத்தைக்கூடத் தாங்க முடியாமல் சில படுத்தும் விட்டன.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருக்கலாம். உடனே பலரும் உரம் போடுவார்கள். அல்லது கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரண்டும் இந்த நாற்றுக்கு உதவாது. அதற்குப் போதாமல் இருப்பது வெளிச்சம்.

இருட்டில் ஏன் நீள்கிறது?

விதைக்குள் சேமித்து வைத்த உணவு கொஞ்சம்தான் இருக்கும். அது தீர்வதற்குள் முளை மண்ணைத் துளைத்து வெளியே வந்தாக வேண்டும். அதனால் இருட்டில் இருக்கும் வரை முளை இலையை விரிக்காது, பச்சையம் தயாரிக்காது. பெரும்பாலான உணவைத் தண்டை நீட்டவே செலவழிக்கும். சந்தையில் வாங்கும் தௌகேயைப் பாருங்கள். பச்சைப்பயற்றை இருட்டில் முளைக்க வைத்தால் கிடைப்பதுதான் அது. வெளுத்த நீண்ட தண்டு, நுனியில் விரியாத சிறு இலை.

முளை வெளியே வந்ததும் பைட்டோகுரோம் போன்ற ஒளியுணர் நிறமிகள் வெளிச்சத்தை உணர்கின்றன. தண்டு நீளும் வேகம் குறைகிறது, இலை விரிகிறது, பச்சையம் உருவாகிறது. வெளிச்சம் மங்கலாக இருந்தாலோ அந்த வேகம் போதிய அளவு குறைவதில்லை. நாற்று வெளிச்சத்தைத் தேடி நீண்டுகொண்டே போகிறது.

ஏன் வளைகிறது?

சார்ல்ஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல் நாற்றுகளில் இதைச் சோதித்து, 1880-இல் நூலாக வெளியிட்டார்கள். நாற்றின் நுனியை மூடினால் அது வெளிச்சத்தின் பக்கம் வளையவில்லை. கீழ்ப்பகுதியை மட்டும் மறைத்தால் வளைந்தது. வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே உள்ள பகுதி என்று தெரிந்தது. நுனியிலிருந்து கீழே செல்லும் பொருள் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி என்பது பின்னர் தெரியவந்தது. நிழல் விழும் பக்கத்தில் ஆக்சின் அதிகம் சேர்வதால் அந்தப் பக்கத்து உயிரணுக்கள் கூடுதலாக நீள்கின்றன. தண்டு வெளிச்சத்தின் பக்கம் சாய்கிறது.

ஒன்றை மனத்தில் வையுங்கள். ஒருமுறை நீண்ட உயிரணு மறுபடி சுருங்காது. அதனால் நீண்ட தண்டைக் குட்டையாக்க முடியாது. இனி வளரப்போகும் பகுதியை உறுதியாகவும் நேராகவும் வளர வைக்க முடியும். அதுதான் நம் வேலை.

“என் வீட்டில் நல்ல வெளிச்சம்தானே?”

நம் கண் மங்கலான வெளிச்சத்துக்கும் பழகிக்கொள்ளும். அதனால் வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. நண்பகல் வெயில் ஏறக்குறைய 100,000 லக்ஸ் இருக்கும். இரவில் விளக்கு எரியும் வரவேற்பறையிலோ சில நூறு லக்ஸ்தான். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்கிறோம். நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் நிற்பதால் வெயில் சன்னல் வழியே உள்ளே அதிகம் வருவதில்லை. அடுக்குமாடி வீடு என்றால் மேல்மாடித் தாழ்வாரமும் மறைக்கும். சன்னலிலிருந்து இரண்டடி தள்ளி வைத்த தொட்டிக்கு வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும்.

என்ன செய்யலாம்?

முதலில், இடத்தை மாற்றுங்கள். ஆனால் ஒரே நாளில் உச்சிவெயிலில் வைத்தால் மெல்லிய இலை கருகிவிடும். காலை வெயிலில் ஒரு மணி நேரத்தில் தொடங்கி, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வெயிலே வராத வீடு என்றால், வெள்ளை எல்இடி விளக்கை நாற்றுக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிய விடலாம். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தால் தொட்டியைத் தினமும் கொஞ்சம் திருப்பி வையுங்கள்.

இரண்டாவது, சாய்ந்த நாற்றுக்கு ஒரு சாத்தே குச்சியை ஊன்றி, நூலால் தளர்வாகக் கட்டுங்கள். கையால் வலிந்து நிமிர்த்தினால் தண்டு முறியும்.

மூன்றாவது, தக்காளி என்றால் முதல் இரண்டு இலைகளுக்கு மேல் உண்மையான இலைகள் வந்தபின், தண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக மாற்றி நடுங்கள். புதைந்த தண்டிலிருந்தே புது வேர்கள் வரும். எல்லாச் செடிக்கும் இது பொருந்தாது. மிளகாய், கத்தரிக்குச் சிறிதளவு மண் அணைத்தால் போதும். பப்பாளித் தண்டைப் புதைத்தால் அழுகக்கூடும்.

நான்காவது, தினமும் சிலமுறை நாற்றுகளின் மேல் உள்ளங்கையை மெல்லத் தடவுங்கள். அல்லது தூரத்தில் மின்விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள். காற்றில் ஆடும் செடி உயரத்தைக் குறைத்துத் தண்டைத் தடிமனாக்கிக்கொள்ளும். அமெரிக்க ஆய்வாளர் ஜாஃபி 1973-இல் செடிகளின் தண்டைத் தேய்த்துப் பார்த்து இதை விளக்கினார்.

உரத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தழைச்சத்து மிகுந்தால் தண்டு இன்னும் மென்மையாகும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். வேர் அழுகும், ஏடிஸ் கொசுவும் முட்டையிடும்.

தண்டின் அடி பழுப்பாகி, கிள்ளியது போல் ஒடுங்கியிருந்தால் அது பூஞ்சை நோயாக இருக்கலாம். அந்த நாற்று பிழைப்பது அரிது, எடுத்துவிடுங்கள். மற்றவற்றுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். புது இலைகள் கரும்பச்சையாக, நெருக்கமாக வந்தால் நாற்று தேறிவிட்டது.

பிள்ளைகளோடு செய்து பாருங்கள்

இரண்டு கிண்ணங்களில் ஈரப் பஞ்சு வைத்துப் பச்சைப்பயறு போடுங்கள். ஒன்றை அலமாரிக்குள்ளும் மற்றொன்றைச் சன்னலோரத்திலும் ஐந்து நாள் வையுங்கள். தண்டுகளை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். பிறகு அலமாரியில் இருந்ததையும் சன்னலுக்குக் கொண்டு வாருங்கள். ஓரிரு நாளில் மஞ்சள் இலை பச்சையாகும். அப்போது தண்டை மறுபடி அளந்து பாருங்கள். எது மாறியது, எது மாறவில்லை என்று பிள்ளைகளே சொல்லட்டும்.