எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம்

எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளையைப் படிக்கவைக்கப் பணத்துக்கு எங்கே போவது என்று ஆட்டையாம்பட்டியில் தறிமேடையிலும் வயல்வரப்பிலும் கவலைப்படும் பெற்றோர் உண்டு. அக்கவலையைப் போக்கவே மத்திய சர்க்கார் 2008ஆம் ஆண்டில் தேசிய வருவாய்வழித் திறன் உபகாரச் சம்பளத் திட்டத்தை ஏற்படுத்தியது. பள்ளிப் பலகையில் அதன் அறிவிப்பைக் காணலாம்; அதன் சாரம் வருமாறு:

தேர்வுபெறும் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஆக 48,000 ரூபாய் கிடைக்கும்.

தகுதி யாருக்கு? சர்க்கார், உதவிபெறும், ஸ்தல ஸ்தாபனப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படித்து, ஏழாம் வகுப்பில் நூற்றுக்கு 55 மதிப்பெண் பெற்றிருக்கவேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 50 போதும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது.

பரீட்சைக்குத் தாள்கள் இரண்டு: ஒன்று மனத்திறன், மற்றது பள்ளிப் பாடம். தலைமையாசிரியரை அணுகி விண்ணப்பிக்கவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பாவு ஓட்டியதும் துணி ஆகிவிடாது, ஊடையும் வேண்டும். அதுபோலத் தேறிய பின்னரும் தேசிய உபகாரச் சம்பள இணையதளத்தில் பதிவுசெய்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். பணம் பிள்ளையின் பாங்குக் கணக்கிலேயே சேரும் ஆதலால், ஆதார் எண்ணைக் கணக்குடன் இணைத்துவைப்பது அவசியம். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு 60 பெற்றால்தான் பின்னிரண்டு ஆண்டுகளுக்கும் தொகை தொடரும். மேற்படி வகுப்பினருக்கு 55.

கெடு தேதி கடந்தால் கைக்கெட்டியது வாய்க்கெட்டாது. ஆகவே, எட்டாம் வகுப்புப் பிள்ளையுள்ள அங்கத்தினர் ஒவ்வொருவரும் தலைமையாசிரியரை உடனே கண்டு கெடு தேதியைக் கேட்டறிவாராக.