ஒரு சிறுநீரகம் போதும்

பொட்டிபுரத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் சென்றுவரும் குடும்பத் தலைவர் ஒருவர், ஒருநாள் பூசை முடிந்ததும் சக்ரீஸ்து அறைக்கு வந்து, "சாமி, நீரோடு இரத்தம் போகிறது. வலியில்லை, உடம்புச் சூடுதான்" என்றார். இளநீரும் வெந்தயமும் பல மாதங்களாய் நடந்துகொண்டிருந்தனவாம்.

வலியில்லாமைதான் என்னை அச்சுறுத்தியது. கல்லடைப்பில் பெரும்பாலும் வலி முந்திக்கொள்ளும். சிறுநீரகப் புற்றுநோயிலோ இரத்தம் மட்டும் தோன்றி, சில நாட்களில் நின்றும்விடும். நின்றதை நலமென்று எண்ணி நாம் ஏமாறுகிறோம். க.விலக்கிலுள்ள அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது கட்டி புலப்பட்டது. மதுரைக்கு அனுப்பினார்கள்.

"ஒன்றை எடுத்துவிட்டால் மலையேற முடியுமா?" என்பதே அவரது கவலை. 1869-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில் குஸ்தாவ் சைமன் என்னும் மருத்துவர் ஒரு பெண்ணின் சிறுநீரகம் ஒன்றை அகற்றினார், அப்பெண் பிழைத்தாள். மற்றது நலமாயிருந்தால் ஒன்றே போதும். கட்டி சிறியதாயின், அதை மட்டும் வெட்டியெடுத்து எஞ்சிய பகுதியைக் காப்பதும் உண்டு. தளர்ந்த முதியோர்க்குச் சிறு கட்டியை உடனே தொடாமல், காலந்தோறும் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவதும் மருத்துவமே, கைவிடுதல் அன்று.

உறவினர்க்கு வேறொரு மனக்குறை: "கரண்ட் வைக்கவில்லை, கீமோவும் இல்லை, ஏழை என்பதாலா?" அப்படியன்று. இந்நோயின் பொதுவான வகை, வழக்கமான கீமோ மருந்துக்கு எளிதில் பணிவதில்லை. கட்டி சிறுநீரகத்தைத் தாண்டாதவரை அறுவையே முதன்மையான வழி. பரவியவர்களுக்கென 2005-ஆம் ஆண்டு முதல் சுனிட்டினிப் போன்ற மாத்திரைகளும், பின்னர் நிவோலுமாப் போன்ற ஊசிமருந்துகளும் வந்துள்ளன. நோயை அடக்கி ஆயுளை நீட்டுகின்றன, விலையோ கடுமை. தோட்டத்தை விற்குமுன், காப்பீட்டு அட்டையில் எது கிடைக்கும் என்று மருத்துவமனையிலேயே கேட்டறிவது நல்லது. வலி தணிக்கும் மருந்தை மறுக்க வேண்டியதில்லை என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறார்.

அறுவைக்கு முந்தின நாள் நோயில் பூசுதல் அளிக்கச் சென்றேன். அவர் மனைவி கதவருகே நின்று, "அவஸ்தைப் பூசுதலா சாமி? அவர் சாகவில்லையே!" என்று அழுதார். பெரிய அறுவைக்குச் செல்வோர்க்கும் உரிய அருட்சாதனம் இது. 1972-இல் ஆறாம் சின்னப்பர் இதைப் புதிய சடங்குமுறையாகவே தந்தார். ஐம்பது ஆண்டு கடந்தும் நம் வீடுகளுக்கு இச்செய்தி எட்டவில்லையெனில், குறை குருக்களாகிய எங்களுடையதே.

அம்மையார் கடைசியில் தாமே மெழுகுதிரி ஏற்றினார். இடப்பக்கச் சிறுநீரகம் அகற்றப்பட்டது. நான்கு மாதங்களுக்குப் பின் அவர் மீண்டும் ஜீப்பில் மேட்டுக்குப் போகிறார், மூட்டை தூக்க அல்ல, காய் தரம் பிரிக்க. பீடியை விட்டுவிட்டதாகச் சொல்லுகிறார். சட்டைப்பையை நான் சோதிக்கவில்லை. அடுத்த ஸ்கேன் தை மாதத்தில்.