குழந்தை பிறக்கவிருக்கும் வீட்டில் நாய்க்குட்டி: மாதம் பார்த்து வாங்குக

ஊரை விட்டு விலகித் தோட்டத்திலேயே குடியிருக்கும் குடும்பங்களுக்கு நாய் ஓர் அவசியத் தேவை. கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளில் பட்டியில் அடைத்த ஆடுகளுக்கும், களத்தில் குவித்த தானியத்துக்கும், கட்டுத்தறியில் நிற்கும் கறவை மாட்டுக்கும் அதுவே காவல். மின்சாரம் வரும் நேரம் பார்த்து இரவில் மோட்டார் போடக் கணவர் கிணற்றடிக்குப் போய்விட்டால், வீட்டில் தனித்திருக்கும் பெண்ணுக்கும் அதுவே துணை.

அந்தப் பெண் கருவுற்றிருக்கும்போது நாய்க்குட்டி ஒன்று வாங்கலாம் என்ற பேச்சு எழுவது இதனால்தான். "பிள்ளை பிறக்கப் போகிற வீட்டில் நாய் எதற்கு?" என்று மாமியார் தடுப்பார். "இப்போதுதான் வீட்டுக்குக் காவல் வேண்டும்" என்று மகன் சொல்வார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்த மாதத்தில் குட்டியை வாங்குகிறோம், அதை யார் வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் அமைகின்றன.

நாய் இருப்பதாலேயே பச்சைக் குழந்தைக்குக் கெடுதல் என்று எண்ண வேண்டியதில்லை. பின்லாந்து நாட்டில் 397 குழந்தைகளை முதல் ஓராண்டு கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், நாய் வளர்க்கும் வீட்டுக் குழந்தைகளுக்குச் சளி, காது நோய் முதலியவை குறைவாக இருந்தது தெரிய வந்தது. ஆனால் இந்த நன்மையை நம்பிக் குடற்புழுவையும் வெறிநோயையும் அசட்டை செய்யலாகாது.

மாதக் கணக்கு

நாய்க்குட்டியைப் பிறந்து 8 வாரம் ஆவதற்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. அதன்பின் வரும் ஆறு மாதங்கள் வளர்ப்பவருக்கு ஓயாத வேலை. இரண்டு மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு 4 வேளை தீனி வேண்டும். இரவில் எழுந்து வெளியே விட்டுப் பழக்க வேண்டும். 4ஆம் மாதத்தில் பால்பற்கள் விழத் தொடங்கும். 6, 7 மாதங்களில் நிலையான பற்கள் முளைத்து முடியும் வரை, துணி, செருப்பு, கை விரல் என்று அகப்பட்டதையெல்லாம் அது கடிக்கும்.

கருவுற்ற 3ஆம் மாத முடிவில் இரண்டு மாதக் குட்டியை வாங்கினால், பேறுகாலத்தில் அதற்கு 8 மாதம் ஆகியிருக்கும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண், குழந்தையின் 3ஆம் மாதத்திலோ 5ஆம் மாதத்திலோ திரும்பி வருவது வழக்கம். அப்போது நாய்க்கு ஏறக்குறைய ஒரு வயது. பற்கள் முளைத்து, ஊசிகள் போட்டு, சொல் கேட்கப் பழகிய நாயாக அது இருக்கும்.

இதையே வளைகாப்பு முடிந்த பின் 7ஆம் மாதத்தில் வாங்கினால், பேறுகாலத்தில் அது எல்லாவற்றையும் கடிக்கும் 4 மாதக் குட்டி. குழந்தை வீடு வந்து சேரும்போது, ஆள் மேல் தாவி விளையாடும் இளநாய். இரண்டாவது பேற்றுக்குத் தாய்வீடு செல்லாத பெண்ணாக இருந்தால், பச்சைக் குழந்தையும் நாய்க்குட்டியும் ஒரே சமயத்தில் அவர் கையில் சேர்ந்துவிடும்.

எனவே 4ஆம் மாதத்துக்குள் வாங்குவது நல்லது. 5ஆம் மாதம் கடந்துவிட்டால் குட்டி வாங்குவதைத் தள்ளிப் போட்டு, குழந்தைக்கு 3, 4 வயதான பின் வாங்கலாம். உடனே காவல் வேண்டும் என்பவர்கள் தெரிந்தவர் வீட்டில் குழந்தைகளோடு பழகி வளர்ந்த, தடுப்பூசி போட்ட, இரண்டு வயதுக்கு மேற்பட்ட நாயைக் கேட்டுப் பெறலாம். தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி ஏற்றதன்று.

குட்டியைத் தேர்வு செய்தல்

ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை நம் நாட்டுக்கே உரிய இனங்கள். முதல் இரண்டும் காவலுக்கும், பின்னிரண்டும் முயல் வேட்டைக்கும் பேர் பெற்றவை. எந்த இனமானாலும் குட்டியின் தாயைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அந்த வீட்டுக் குழந்தைகள் அருகில் போகும்போது தாய் நாய் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனிக்க வேண்டும். உறுமும் தாயின் குட்டியைத் தவிர்ப்பது நல்லது. முந்திக்கொண்டு கடிக்க வரும் குட்டியும், மூலையில் ஒடுங்கி நடுங்கும் குட்டியும் குழந்தை உள்ள வீட்டுக்கு ஆகாது.

வெள்ளை நிற ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. குட்டியின் பின்புறம் நின்று, அது பாராத வேளையில் கை தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். காது கேளாத நாயைக் குழந்தை திடீரெனத் தொட்டால், அது திடுக்கிட்டுக் கடித்துவிட இடமுண்டு.

பெண் குட்டியானால் கால்நடை மருத்துவரின் யோசனைப்படி உரிய வயதில் கருத்தடை செய்துவிட வேண்டும். சாதுவான நாயும் குட்டி போட்டிருக்கும்போது அருகில் வரும் குழந்தையைக் கடிக்கக்கூடும்.

பிறவியிலேயே வரும் புழு

நாய்க்குட்டிகளின் வயிற்றில் உருண்டைப் புழு பெரும்பாலும் பிறவியிலேயே இருக்கும். தாய் நாயின் தசைகளில் தங்கியிருக்கும் புழுக்குஞ்சுகள் கருவிலேயே குட்டிக்குச் சென்றுவிடுகின்றன. தாய்ப்பால் வழியாகவும் போகின்றன. வளர்ந்த நாயைவிடக் குட்டியே இப்புழுவின் முட்டைகளை அதிகமாக வெளியேற்றுகிறது.

இம்முட்டைகள் மலத்தோடு விழுந்த உடனே நோயை உண்டாக்குவதில்லை. மண்ணில் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்து முதிர்ந்த பின்னரே நோய் தரும் நிலையை அடைகின்றன. பிறகு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், அழியாமல் கிடக்கும். தவழும் குழந்தை மண்ணை அள்ளி வாயில் போட்டால் முட்டைகள் வயிற்றுக்குள் சென்று பொரிந்து, புழுக்குஞ்சுகள் கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றுக்குப் பரவும். கண்ணை அடைந்தால் பார்வையே கெடக்கூடும்.

நாய் மலத்தை அன்றாடம் அள்ளிவிட்டால் முட்டைகள் முதிர்வதற்கு முன்பே அகன்றுவிடும். அதை வீட்டிலிருந்து தள்ளி ஆழமான குழியில் இட்டு மூட வேண்டும். எருக்குழியிலோ கீரைப் பாத்தியிலோ போடக் கூடாது. இவ்வேலையை வீட்டிலுள்ள மற்றவர் செய்ய வேண்டும். கர்ப்பிணிப் பெண் நாயைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிய பின் உணவில் கை வைக்க வேண்டும்.

குட்டிக்கு இரண்டு வார வயது முதல் 3 மாதம் வரை இரு வாரத்துக்கு ஒரு முறையும், பின் 6 மாதம் வரை மாதம் ஒரு முறையும், அதன்பின் 3 மாதத்துக்கு ஒரு முறையும் குடற்புழு நீக்க மருந்து தர வேண்டும். எடைக்கேற்ற அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். ஆட்டுக்கு வாங்கி மீந்த மருந்தைக் கண்ணளவில் ஊற்றுவது ஆபத்து. வெட்டிய ஆட்டின் ஈரல், நுரையீரல் கழிவுகளைப் பச்சையாகப் போடவும் கூடாது. அதனால் நாய்க்கு ஒரு வகை நாடாப்புழு உண்டாகும். அதன் முட்டை மனிதரின் வயிற்றுக்குள் போனால் ஈரலில் நீர்க்கட்டி வளரும்.

தடுப்பூசியும் உண்ணியும்

6 முதல் 8 வார வயதில் தொடங்கி, ரத்தக்கழிச்சல், டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை 3, 4 வார இடைவெளியில் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை 3ஆம் மாதத்தில் போட்டு, ஒரு மாதம் கழித்து மறு ஊசியும், பின் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் போட வேண்டும். இந்நோய்க்கான குறிகள் தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது என்பதால் ஒரு தவணையும் தவறலாகாது.

பயிருக்கு வாங்கிய பூச்சிக்கொல்லியை உண்ணிக்கென்று நாயின் மேல் பூசும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நாய் அதை நக்கி இறக்க நேரிடும். நாயைத் தடவிய கையோடு குழந்தையைத் தூக்கினால் நஞ்சு குழந்தைக்கும் சேரும். நாய்க்கென்றே உள்ள உண்ணி மருந்தை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

தாயும் சேயும் திரும்பும்போது

தீனி வைத்து வளர்த்த பெண் தாய்வீடு சென்றபின், அரை ஆண்டுக்கு அவரை நாய் பார்க்காது. அதனால் தொடக்கத்திலிருந்தே மாமனாரோ கணவரோ தீனி வைத்துப் பழக்க வேண்டும். "உட்கார்", "இரு", "போ" என்ற சொற்களுக்குக் கட்டுப்படவும் கற்றுத்தர வேண்டும். திண்ணையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்றால், அதையும் முதல் நாளிலிருந்தே பழக்க வேண்டும். குழந்தை வந்த அன்று விரட்டத் தொடங்கினால் நாய் குழம்பிப் போகும்.

குழந்தை வருவதற்குச் சில நாள் முன்னதாக, அது உடுத்திய துணி ஒன்றைக் கொண்டுவந்து நாய்க்கு மோப்பம் காட்டலாம். வந்த அன்று தாய் முதலில் தனியே நாயைப் பார்த்துக் கொஞ்ச வேண்டும். அதன் துள்ளல் அடங்கிய பின், கயிற்றில் பிடித்தபடி தொலைவிலிருந்து குழந்தையைக் காட்டலாம். முகத்தை நக்க விடக் கூடாது.

தூளி ஆடுவதையும் அதிலிருந்து வரும் அழுகையையும் கேட்டு, விளையாட்டு என்று நாய் தாவக்கூடும். ஆகவே தூளி கட்டிய அறைக்கு நாய் வராதபடி கதவடைப்பு வேண்டும். எவ்வளவு சாதுவான நாயானாலும், பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் குழந்தையோடு விட்டுச் செல்லக் கூடாது. நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய் முரட்டுக் குணம் கொள்ளும். பகலில் சிறிது நேரமாவது அவிழ்த்து நடத்திச் செல்ல வேண்டும். கட்டும் இடமும் தீனித் தட்டும் குழந்தை தவழும் முற்றத்துக்கு எட்டாத தொலைவில் இருக்க வேண்டும்.

கடித்தாலோ பிறாண்டினாலோ

காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று மருத்துவரைப் பாராமல் இருந்துவிடக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். கடித்த அன்றும், 3, 7, 28ஆம் நாட்களிலும் தோலினுள் போடப்படும். ஆழமான காயத்துக்குக் காயத்தைச் சுற்றியும் தனி மருந்து செலுத்துவர்.

"வயிற்றில் பிள்ளை இருக்கிறதே, ஊசி போடலாமா?" என்ற அச்சம் பல வீடுகளில் உண்டு. தொப்புளைச் சுற்றிப் பல ஊசிகள் போட்ட காலத்து அச்சம் அது. அந்தப் பழைய வகை மருந்தின் உற்பத்தி நம் நாட்டில் 2004ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இன்றைய தடுப்பூசியைக் கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும், கைக்குழந்தைக்கும் போடலாம். தயங்கிப் போடாமல் இருப்பதே உயிருக்கு ஆபத்து.

வீட்டில் நல்ல செய்தி தெரிந்ததும், நாய் வேண்டுமா என்று குடும்பத்தார் கூடிப் பேசி 4ஆம் மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். தீனி வைப்பது யார், மலம் அள்ளுவது யார், ஊசிக்கு அழைத்துச் செல்வது யார் என்ற மூன்றுக்கும் கர்ப்பிணியைத் தவிர வேறு ஆள் இருந்தால் குட்டியை வாங்கலாம். ஆள் இல்லையென்றால் குழந்தை வளரும் வரை பொறுத்திருப்பதே அந்த வீட்டுக்கு நல்லது.